மூன்றாம் மாடியில் நாற்பத்தொரு தடவை

“நாப்பத்தொரு தடவைங்க. ஒரே மத்தியானத்துல நாப்பத்தொரு தடவை அவ வாசல்ல நடந்திருக்கறீங்க. காலாவது வலிச்சுதுங்ளா, இல்ல அதும் வலிக்கலீங்ளா?”

வசுமதி தன் கணவரை எவ்வளவு திட்டினாலும் மரியாதையைக் குறைக்கமாட்டார். குரல் மட்டும்தான் ஏறும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏறிய குரலுக்கு, கோவை வடவள்ளியில் பொற்றாமரை அடுக்ககத்தின் பதினாறு வீடுகளில் பதினைந்து வீட்டார் ஏதோ ஒரு வேலையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். ஒருவர் கையில் காலிக் குப்பைக் கூடை. இன்னொருவர் கையில் ஏற்கெனவே காய்ந்து மடித்த துணி. ஒருவர் மட்டும் கையில் எதுவுமில்லாமல் வந்து நின்றார். அவர் நேர்மையானவர்.

“திங்கக்கெழம நான் மூணாவது மாடிக்குப் போகவே இல்ல வசு,” என்றார் தண்டபாணி. பம்ப்செட் கம்பெனியின் வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் நின்றுவிட்டு ஓய்வுபெற்ற மனிதர். அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

“புதங்கெழம?”

“போகலெ.”

“வெள்ளிக்கெழம?”

தண்டபாணி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் மாடியில் இருப்பது இரண்டே வீடுகள். ஒன்று கணக்கு டீச்சர் ஹேமலதாவுடையது. நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகாதவர், தனியாக இருப்பவர். ஊருக்கு வேறென்ன வேண்டும். இன்னொன்று ஜெயசுதாவுடையது. கணவர் மஸ்கட்டில் இருக்க, மகள் சங்கவியோடு இருக்கும் ஜெயசுதாவின் வாய்க்கு அஞ்சி, அந்த வாசல் பக்கம் யாருடைய சந்தேகமும் எட்டிப் பார்க்கவில்லை.

ஹேமலதா டீச்சரும் அசரவில்லை. ஒருவர் தன் வாசலில் நாற்பத்தொரு தடவை நடந்தார் என்றால், நாற்பத்தொரு தடவையும் தான் கதவைத் திறக்கவில்லை என்றுதானே கணக்கு வருகிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கணக்குக் கேட்கவா அத்தனை பேர் கூடியிருந்தார்கள்.

இவ்வளவையும் முதல் மாடிப் படிவளைவில் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் சங்கவி. பத்தொன்பது வயது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் இரண்டாம் வருடம். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நெஞ்சு குதித்துக்கொண்டிருந்தது. நம்பிவிட்டது. வாசல் நம்பிவிட்டது. அந்த நாற்பத்தொரு தடவையும் நடந்தது அவள்.

கதவுகளுக்குச் சாவி ஒழிந்து பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது சாவி நம் நடைதான். தரைக்கு அடியில் ஒரு பட்டை, கூரையில் ஒரு கண். இரண்டும் சேர்ந்து கால் வைக்கிற விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடும். முகத்தைப் பதியக் கூடாதென்று சட்டம் இருப்பதால், பதிவில் ஆள் இருக்காது. மூட்டுகளை மட்டும் கோட்டால் இணைத்த ஒரு குச்சி உருவம் இருக்கும். வங்கியும் ரேஷன் கடையும் பேருந்தும் இதே பதிவை வைத்துத்தான் திறக்கின்றன. சௌகரியம்தான். புதுச்செருப்பு வாங்கியவர்கள் மட்டும் மூன்று நாள் தங்கள் வீட்டு வாசலிலேயே பரிதாபமாக நிற்க வேண்டும். பொற்றாமரையில் இதைப் பொருத்தலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது ஆண்கள் ஆயிரம் யோசனை சொன்னார்கள். குடித்துவிட்டு வந்தால் கதவுக்கு ஆளை அடையாளம் தெரியாது என்று யாரோ சொன்னதும் பெண்கள் மொத்தமாகக் கையைத் தூக்கிவிட்டார்கள். அத்தோடு தீர்ந்தது.

சங்கவியின் சங்கதிக்கு வருவோம். அவளுடைய ஆசிரியர் ஃபெலிக்ஸ் சார் ஒரு வேலை கொடுத்திருந்தார். பன்னிரண்டு நொடி. ஒரே ஓர் ஆள் நடக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் பார்க்கிறவர்கள் அவர் எதையோ சுமக்கிறார் என்று உணர வேண்டும். என்ன சுமக்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். பாதிப் பேராவது ஒரே பதிலை எழுதினால்தான் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றால்தான் மூன்றாம் வருடம்.

கண் சிமிட்டுவதற்குள் எந்த நடையையும் செய்துதரும் இயந்திரங்கள் இருக்கும்போது, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் ஏன் நகர்த்த வேண்டுமென்று வகுப்பில் ஒருவன் கேட்டான். “அது தர்றது எல்லாரு நடையையும் கூட்டி வகுத்த நடை. அப்படி நடக்கற ஒரு ஆளை எனக்குக் காட்டு,” என்றார் சார். முதலில் உங்கள் உடம்பில் நடந்து பாருங்கள், பொம்மை அப்புறம், என்பது அவர் தினமும் சொல்வது.

சங்கவிக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எதையோ சுமக்கிறவர் என்றால் தண்டபாணி மாமாதான். இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பும். நான்கு அடிக்கு ஒருமுறை, அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவரைப் போல ஓர் இம்மி நின்று போவார். இரண்டு வாரம் பால்கனியிலிருந்து அவரைப் பார்த்துக் கிறுக்கித் தள்ளினாள். அவருடையதைப் போலவே ரப்பர் செருப்பு, இரண்டு அளவு பெரிதாக, வாங்கினாள். இடது தோளில் இரண்டு கிலோ ராகிமாவுப் பையைக் கட்டிக்கொண்டாள். அறைக்குள் ஐந்தடிக்குமேல் வைக்க இடமில்லை. அதனால் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். திங்கள் மதியம் நாற்பத்தொரு தடவை. புதன் மதியம் இருபத்தாறு. இருபத்தாறாவது நடையில் திடீரென்று முதுகே வேறாகிவிட்டது. தன் முழங்காலுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது போல இருந்தது. சந்தோஷத்தில் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள். மேலே ஒரு கண் இருக்கிறதே என்று துளி நினைப்பில்லை. நடிப்பைப் பார்த்து மனிதர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ணிவிட்டாள் பிள்ளை.

ஒரே ஆள் ஒரே இடத்தில் அளவுமீறி நடந்தால், நினைவு தப்பிய வயதானவர்களாக இருக்கலாம் என்று வாசல் குறித்துவைத்து, ஞாயிறு காலை வீட்டுக்குத் தகவல் அனுப்பும். தண்டபாணி வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்தத் தகவல் விரிந்தபோது வசுமதி பொங்கலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். செயலாளர் தங்கராசுவை வரவழைத்து அந்த வாரப் பதிவு முழுவதையும் திறக்கச் சொன்னார். திங்கள், புதன், அப்புறம் வெள்ளி. வெள்ளியன்று போனது ஒருமுறை, வந்தது ஒருமுறை, நடுவில் ஐம்பது நிமிடம்.

கீழே சச்சரவு முற்றியது. டீச்சர் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று தீர்மானம் எழுதலாம் என்றார் ஒருவர். எழுதத் தங்கராசு பேனாவையே எடுத்துவிட்டார். சங்கவி எழுந்தாள். பின்னால் நின்ற அம்மா ஜெயசுதா அவள் முழங்கையைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை சங்கவி கல்லூரியில் இருந்தாள் என்பது எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்த அவருக்குத் தெரியும். திங்களும் புதனும் தாழ்வாரத்தில் என்ன நடந்தது என்பதும் இந்நேரம் பிடிபட்டிருந்தது.

“வாயைத் தொறந்தீன்னா காலேஜு போயிரும் கண்ணு,” என்றார் மெதுவாக.

“தொறக்கலீன்னா டீச்சர் போயிருவாங்கம்மா.”

கையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திங்களும் புதனும் நடந்தது தண்டபாணி மாமா இல்லை, நான்தான் என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். நாற்பத்தாறு கிலோ எடையில் ஒரு பெண் எங்கே, தண்டபாணி எங்கே. தங்கராசு மட்டும் சிரிக்கவில்லை.

“வாசல் எடையைப் பாக்காதும்மா. தீவாளிக்கு ஒரு எடை, தையில ஒரு எடைன்னு இருக்கறவங்களை வெச்சுட்டு அது எப்படிப் பாக்கும்? கால் மாத்தற விதத்தைத்தான் பாக்கும். ஆனா ஒருத்தர் நடையை இன்னொருத்தர் நடக்கறது, அவங்க கையெழுத்தைப் போடறாப்பலங்க. நீ சொல்றது நிசம்னா நான் மேல எழுதியே ஆகணும். மூணு மாசம் உன் நடையை முடக்கிருவாங்க. உன்ற வீடு, காலேஜு, பஸ்ஸு, எதும் உனக்குத் தொறக்காது. யோசிச்சுச் சொல்லு.”

சங்கவி யோசித்ததாகத் தெரியவில்லை. மேலே ஓடிப்போய் ரப்பர் செருப்பையும் ராகிமாவுப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பைக்கட்டைத் தோளில் இறுக்கி, வாசலுக்கு வெளியே போய் நின்றாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். அப்புறம் சங்கவி அங்கே இல்லை.

இடது தோள் இறங்கியது. வலது பாதம் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஓர் இம்மி நிற்பு. பார்த்த பெண்களில் ஒருவருக்குக் கையிலிருந்த மடித்த துணி சரிந்தது. தண்டபாணி தன்னையே எதிரில் வரக் கண்டவராக ஒதுங்கி நின்றார்.

கதவு விலகியது. “வணக்கம் தண்டபாணி அவர்களே,” என்றது வாசல். “இரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா?”

யாரோ விசிலடித்தார்கள். ஒரு பாட்டம் கைதட்டலே எழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பத் துணிந்தவர்கள் இவர்கள் என்று சொன்னால் நம்பமுடியாது. சங்கவியின் முகம் சிவந்து பளபளத்தது. தேர்வில் முதலிடம் வந்தவளைப் போல மூச்சு வாங்கியது.

“நான் இப்படியா நடக்கறேன்?” என்று கேட்டார் தண்டபாணி.

வசுமதி சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. “ரெண்டு நாள் சரி. வெள்ளிக்கெழம?”

தங்கராசு மூன்று நாள் பதிவுகளையும் கைப்பலகையில் பக்கத்துப் பக்கமாக ஓடவிட்டார். மூன்று குச்சி உருவங்கள் நடந்தன. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் குச்சிதான் தெரிந்தது. சங்கவிக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

முதல் இரண்டும் அவள். அவளுடைய தப்புகள் அவளுக்குத் தெரிந்தன. மூன்றாவது அசல். போகும்போது அதே பழைய சுமை, அதே தயக்கம். டீச்சர் வாசலில் மறைந்தது. ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு வெளியே வந்த குச்சியைப் பார்த்தாள். தயக்கத்தைக் காணோம். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. கைகள் தொங்கவில்லை. இடது கை மார்பளவில் மடங்கி, முழங்கை கொஞ்சம் வெளியே தள்ளி, வலது கை அதன் கீழே தாங்கலாக. கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஏழு அடிவரை அந்தக் குச்சி ஒன்றும் இல்லாததைக் கீழே வைக்க மனமில்லாமல் ஏந்திக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மிக லேசாக ஆடியது, தூங்குகிற எதையோ எழுப்பிவிடாதபடி.

பிறந்து இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும் என்று வயதைக்கூட அவளால் சொல்லமுடிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தண்டபாணியின் மகன் கௌதம், டீச்சரிடம் படித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெபேக்கா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். நம்ம ஆளுங்க இல்லை என்று வசுமதி அன்றே கதவைச் சாத்தினார். வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது. அவனிடமிருந்து அழைப்பு வந்தால் கூடத்துச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். தண்டபாணி மாமா வெள்ளிதோறும் மருதமலைக்குப் போய்த் திருநீறோடு திரும்பிவருவார். அந்தத் திருநீறு மூன்றாம் மாடியிலிருந்து வந்திருக்கிறது; பேரக்குழந்தையும் அங்கேதான் அவர் கைக்கு வந்திருக்கிறது. இத்தனை மாதம் யாருக்கும் தெரியாமல் இருந்ததை, அவள் நடந்த நாற்பத்தொரு நடை தெருவுக்கு இழுத்து வந்துவிட்டது.

தண்டபாணி இப்போது செருப்பைப் பார்க்கவில்லை. சங்கவியைப் பார்த்தார்.

“வெள்ளியும் நான்தானுங்க அத்தை,” என்றாள்.

“அம்பது நிமிசம் அவ வீட்ல என்ன பண்ணுனே?”

சங்கவி வாயெடுக்குமுன் டீச்சர் முந்திக்கொண்டார். ஒரு நொடிக்கு இருபத்து நாலு ஃப்ரேம், அதைப் பிரித்து அடிக்கணக்குப் போடத் தெரியவில்லை என்று வந்து உட்கார்ந்தாள், சொல்லிக்கொடுத்தேன் என்றார்.

“வெள்ளிக்கெழம காலேஜு இருந்துதல்லோ?” என்றார் தங்கராசு.

எல்லோரும் ஜெயசுதாவைப் பார்த்தார்கள். ஜெயசுதா படியிறங்கி வந்து மகளுடைய இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். “வயித்து வலின்னு படுத்துட்டாளுங்க. நானும் கசாயம் வெச்சுக் குடுத்துட்டு வேலைக்குப் போனேன். நடக்கறதுக்குத்தான் வலின்னு இப்பத்தான தெரியுது.”

மூன்று பொய்களும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நின்றன. வசுமதி நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொங்கல் அடிப்பிடித்த வாசனை வந்ததால் உள்ளே போனார்.

பத்து நாளில் சங்கவியின் நடையை முடக்கி உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்கு அவளை யாராவது கூட்டிப் போனால்தான் கதவு திறக்கும். “எங்க வீட்டுக்காரரு நடையை எடுத்தவளுக்கு அவரே கதவு தொறந்து உடட்டும்,” என்று வசுமதி குத்தலாகச் சொன்னதையே வழியாகப் பிடித்துக்கொண்டார் தண்டபாணி. தினமும் காலையில் பீளமேடு வரை அவளோடு பேருந்தில் போனார். நான்காம் நாள், கல்லூரி வாசலில் அவளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பும்போது, பார்வை எங்கோ இருக்க, “தலை இன்னும் சரியா நிக்கலெ. நாமதான் புடிச்சுக்கோணும்,” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

சங்கவிக்கு அன்று வகுப்பில் கால் தரையில் பாவவில்லை. முதலில் செய்துவைத்திருந்த படத்தைப் பார்த்த நண்பர்கள் சீட்டில் கேஸ் சிலிண்டர் என்றும், முதுகுவலி என்றும், ஒரு புண்ணியவான் மூலவியாதி என்றும் எழுதியிருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டாள். பொம்மையின் எலும்புக்கூட்டை மறுபடி திறந்தாள். இடது முழங்கை, வலது கை, தலையைத் தாங்கும் விரல்கள். குனிந்து பார்க்காமலே பார்க்கும் கழுத்து. தலையணையை ஏந்திக்கொண்டு, இந்தத் தடவை கல்லூரி நூலகத்துப் பின்புறச் சந்தில், எந்தக் கண்ணும் இல்லாத இடமாகப் பார்த்து நடந்தாள். இரண்டு அடிக்கு இடையில் உடம்பு எங்கே மிதக்கிறது என்று பிடிக்கவே ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் பொம்மை நடந்தபோது, பக்கத்து மேசைப் பெண் பேச்சைத் தாழ்த்திக்கொண்டாள். ஏன் தாழ்த்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சங்கவி நாற்காலியோடு சுழன்றாள்.

படம் காட்டும் நாளுக்குப் பொற்றாமரையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். கலையார்வம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வசுமதியும் பட்டுப்புடவையில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். தண்டபாணிக்குத் தகவல் சொல்லப்படவில்லை; வெள்ளிக்கிழமையாக இருந்ததால் அவர் மருதமலைக்குப் போயிருந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு வயதான மனிதர், முகம்கூட வரையாத சாம்பல் உருவம், ஒன்றுமில்லாத கைகளோடு பன்னிரண்டு நொடி நடந்தார். முடிந்து விளக்கு வந்தபிறகும் ஒரு கணம் யாரும் சத்தம் போடவில்லை. எதுவோ விழித்துவிடும் என்பதுபோல. பிறகுதான் கைதட்டினார்கள்.

நூற்று நான்கு சீட்டுகளில் தொண்ணூற்றொன்றில் குழந்தை என்றிருந்தது. ஃபெலிக்ஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதை அறிவித்தார். சங்கவியைத் தோழிகள் தூக்காத குறை.

வசுமதி தன் சீட்டைப் பெட்டியில் போடவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அந்த மனிதரோடு வாழ்ந்தவர். கௌதம் பிறந்து ஆறு மாதம்வரை, பட்டறையிலிருந்து வந்த கையோடு குளித்துவிட்டு அந்த முழங்கை மடங்கி அப்போதைய வீட்டுக் கூடத்தில் அவர் நடந்ததை இவரைத் தவிர யார் பார்த்தது. கூட்டம் கலையும்வரை காத்திருந்து, சங்கவியின் கையைப் பிடித்து, நான்காக மடித்த சீட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சங்கவி பிரித்தாள். பேனா கிழித்த அழுத்தத்தில் ஒரே வரி.

‘பையனா, பொண்ணா?’

பெண். பெயர் இதழினி. அடுத்த தை மாதம் கௌதமும் ரெபேக்காவும் பொற்றாமரை இரண்டாம் மாடிக்கே குடிவந்தார்கள்; பால் காய்ச்சியது வசுமதி. மாமியாரும் மருமகளும் இன்றுவரை மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை என்பது உறுதியான தகவல்.

ஹேமலதா டீச்சர் பொற்றாமரையில் தங்கவில்லை. தீர்மானம் எழுதப் பேனா எடுத்த கை ஒன்றுகூட மன்னிப்புக் கேட்க நீளவில்லை. படம் காட்டிய ஆண்டு வைகாசியிலேயே பொள்ளாச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, பூட்டும் சாவியும் உள்ள ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் போனார். நாற்பத்தாறு வயதில் அங்கே தென்னை நார்த் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பொற்றாமரையின் பதினாறு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார். பதினாறு வீட்டாரும் போனார்கள். இரண்டாம் பந்தியிலும் சிலர் உட்கார்ந்ததாகப் பேச்சு.

சங்கவி படிப்பை முடித்து ஐதராபாத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். கூட வேலை செய்யும் ஒரு விஜயவாடாப் பையனின் நடையைப் பற்றி அம்மாவிடம் அடிக்கடி பேசுகிறாளாம். ஜெயசுதா இன்னும் வாயைத் திறக்காமல் இருக்கிறார். அதுவே பெரிய செய்தி. போன மாதம் வசுமதி சங்கவியைப் போனில் கூப்பிட்டுச் சிரித்துச் சிரித்து மூச்சிரைக்க ஒன்று சொன்னார். இரண்டரை வயது இதழினி யார் கையையும் பிடிக்காமல் முதன்முறையாகத் தனியாகக் கீழ்வாசல் வழியே உள்ளே நடந்திருக்கிறாள். இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்து, வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, நான்கு அடிக்கு ஓர் இம்மி நின்று.

கதவு விலகி, இரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா என்று அவளைக் கேட்டதாம்.